திண்டிவனத்தில் ஓர் இரவு

தியானப் பகுதி: மத்தேயு 25:14-30, 1 பேதுரு 4:10, 11



"எங்கள் சபை வாலிபர்கள் இரண்டு வாரம் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக விரும்புகிறார்கள். ஐயா, உங்கள் ஆலோசனை என்ன?" என்று சிலர் கேட்பதுண்டு. விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகும்போது நாம் பஸ்ஸில் கடந்துபோகும் திண்டிவனத்தையே அவர்களுக்கு நினைப்பூட்டுகிறேன்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்துவந்த அவர், தாயார் சுகவீனமானதால் 1890-ல் திண்டிவனம் மிஷன் பங்களாவுக்கு வந்தார். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஓர் இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு இந்துக் குடும்பத்தார். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். மருத்துவரான தன் தகப்பனாரை அனுப்புவதாக ஐடா சொன்னார். அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்களைப் பார்க்க வழக்கம் இடங்கொடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

இதில் நாம் கற்றுக்கொள்ளும் பாடங்கள் மூன்று.

1. மனதுருக்கம் மட்டும் போதாது. அன்றிரவு ஐடாவிடம் இரக்கம் இருந்தது. தேவையான திறமை இல்லை. பிரசவ வார்டுக்கு வெளியே தவித்து நிற்கும் கணவனோடு நான் ஜெபிக்கும் இரவுகள் உண்டு. உள்ளே கைதேர்ந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார் என்பது அந்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று.

2. ஆயத்தமும் ஊழியமே. ஐடா மறுநாளே ஊழியத்தைத் தொடங்கிவிடவில்லை. அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வந்தார். தாலந்துகளை வாங்கியவர்களும் எஜமான் வரும்வரை நெடுநாள் பாடுபட்டார்கள் அல்லவா?

3. ஈவு பிறரிடத்தில் பெருகவேண்டும். பேதுரு நம்மை உக்கிராணக்காரர் என்கிறார். உக்கிராணக்காரன் பங்கிடுவது எஜமானுடைய சொத்தை. ஐடா அம்மையார் தாம் கற்றதை இந்நாட்டுப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். வேலூரில் 1909-ல் நர்ஸிங் பயிற்சியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. அதுவே இன்றைய சி.எம்.சி. அம்மையார் 1960-ல் காலமானார். அவர் பங்கிட்ட ஈவு இன்றும் பலன் தருகிறது.

கடல் கடந்து வராமலே பங்குபெற்ற ஒருவரும் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர், மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அதைக்கொண்டு கட்டிய மருத்துவமனை 1902-ல் வேலூரில் திறக்கப்பட்டது. உங்கள் காணிக்கைகளை எண்ணும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே, போக விரும்பும் வாலிபரே, மூன்று கேள்விகளுக்கு ஜெபத்தோடு பதில் தேடுங்கள்:

அங்குள்ளவர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள்?
அதைக் கொடுக்க நான் கற்றிருக்கிறேனா?
நான் திரும்பிய பின் அந்த வேலையை அங்குள்ள யார் தொடருவார்கள்?

இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் சோர்ந்துபோகாதிருங்கள். ஐடா அம்மையாரின் பதிலும் அன்றிரவு அதுவே.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கதவைத் தட்டுகிறவர்களுக்கு வெறுங்கையைக் காட்டாதபடி எங்களை ஆயத்தப்படுத்தும். ஆமென்.