மூத்த வழக்குரைஞரிடம் நேரே போகலாமா?

இயற்பியல் படிப்பவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். சரவணம்பட்டியில் எங்கள் தோட்டத்து இட்டேரி பற்றிய வழக்கு, கோவை முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, சப் கோர்ட்டைத் தாண்டி, இரண்டாம் மேல்முறையீடாகச் சென்னை உயர்நீதிமன்றம் போயிருக்கிறது. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே காகிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. "பெரிய வக்கீலையே நேர்ல பாத்துச் சொல்லிப்போட்டா ஆகாதா, கண்ணு?" என்றார் பெரியப்பா. ஆகாது.

1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தின் 16ஆம் பிரிவு, மூத்த வழக்குரைஞர், பிற வழக்குரைஞர் என இரு வகை வகுக்கிறது. வயது முதிர்ந்தால் மட்டும் மூத்தவர் ஆகிவிட முடியாது. திறமை கண்டு, அவரது இசைவுடன், உச்சநீதிமன்றமோ உயர்நீதிமன்றமோ அத்தகுதியை வழங்க வேண்டும். பெருமையோடு கட்டுப்பாடும் வருகிறது. பார் கவுன்சில் விதிகளின்படி அவர் வக்காலத்து தாக்கல் செய்யக் கூடாது. கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கை ஏற்கக் கூடாது. மனுவோ பிரமாணப் பத்திரமோ தாமே எழுதக் கூடாது. இன்னொரு வழக்குரைஞர் எழுதியதை அவருடன் கலந்து செம்மைப்படுத்தலாம். அவர் உடனின்றி வாதாடவும் கூடாது.

இது ஆங்கிலேயர் விட்டுச்சென்ற வழக்கத்தின் சாயல். அங்கே சொலிசிட்டர் கட்சிக்காரரைப் பார்ப்பார். பாரிஸ்டர் நீதிபதியைப் பார்ப்பார். வேடிக்கை என்னவெனில், இங்கிலாந்திலேயே 2004 முதல் அதற்கெனப் பயிற்சி பெற்ற பாரிஸ்டரைப் பொதுமக்கள் நேரே அணுகலாம்.

விதியில் நியாயம் உண்டு. இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் வழக்கு நிற்கும். இட்டேரியில் யார் வண்டி ஓட்டினார்கள், வேலி எப்போது நகர்ந்தது என்ற கதையை முன்சீப் கோர்ட்டிலேயே சாட்சியாக வைத்திருக்க வேண்டும். மூத்தவர் காகிதத்தில் உள்ளதை வைத்தே வாதாடுவார். எனவே எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டிய இடம், முதல்நாள் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் உள்ளூர் வக்கீல்தான். அவரிடம் கூச்சப்பட்டு, பெரியவரிடம் பேசிக்கொள்ளலாம் என்றிருப்பது நம் பக்கத்தில் சகஜம்.

ஆயினும் இரண்டு பேருக்கும் கட்டணம் கொடுப்பது குடியானவன்தான். தன் வழக்கை வாதாடுபவர் முகத்தைப் பார்க்க, இன்னொரு வக்கீலோடுதான் போக வேண்டும் என்பது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை.

கட்டணம் கட்ட இயலாதோர் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. வழக்கில் முகாந்திரம் இருந்தால் வக்கீலை இலவசமாக அமர்த்தித் தருவார்கள். உயர்நீதிமன்றத்திலும் இதற்கென ஒரு குழு உண்டு; மாவட்டத்தில் கோர்ட் வளாகத்திலேயே விசாரிக்கலாம்.