பொங்கல் பானையில் எத்தனை வெயில்?

தை முதல் நாள். வெளியூரிலிருக்கும் பெரியப்பா, சித்தப்பா, மணமாகிச் சென்ற அத்தை, அவர்களுடைய பிள்ளைகள் என்று உங்கள் வீட்டில் இருபது பேராவது கூடியிருப்பார்கள். முற்றத்தில் கோலமிட்டு, மூன்று கல் கூட்டி, கழுத்தில் மஞ்சள்கொத்து கட்டிய புதுப்பானையை ஏற்றியாயிற்று. பால் பொங்கி வழிந்ததும் "பொங்கலோ பொங்கல்!" என்று எல்லோரும் கூவுவீர்கள். முதற் படையல் கதிரவனுக்கு, பிறகுதான் பந்தி.

அறிவியல் பயிலும் மாணவர் சிலருக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஒளிரும் ஒரு வாயுக்கோளத்துக்கு நன்றி கூறுவதில் பொருள் உண்டா? நன்றி என்பது மனத்தைச் சேர்ந்தது. அதில் இயற்பியல் தலையிடாது. ஆனால், நாம் பெற்றது எவ்வளவு என்று கணக்குப் பார்க்க இயற்பியலால் முடியும். அதைத்தான் இங்கே செய்யப்போகிறோம்.

முதலில் பானையைக் கவனிப்போம். நீரைக் காய்ச்சினால் அது தளதளவென்று கொதிக்குமேயன்றிப் பொங்கி வழிவதில்லை. பாலிலும் நூற்றுக்கு 87 பங்கு நீர்தானே, அது மட்டும் ஏன் பொங்கவேண்டும்? நீரில் அடியிலிருந்து எழும் ஆவிக்குமிழ் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலிலோ, குமிழைச் சுற்றிப் புரதம் மெல்லிய தோலாகப் படிந்து அதை உடையவிடாமல் காக்கிறது. போதாதற்கு மேலே ஆடை வேறு மூடியிருக்கிறது. ஆகவே குமிழின்மேல் குமிழாக நுரை ஏறுகிறது. அரிசி களைந்த நீரையும் உலையில் சேர்க்கும் வழக்கமுள்ள வீடுகளில், அதிலுள்ள மாவுப்பொருளும் நுரைக்குத் துணை செய்கிறது.

பானை வழிய எவ்வளவு நீர் ஆவியாகவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? 1 கிராம் நீர் 100 டிகிரி செல்சியசில் ஆவியானால் ஏறத்தாழ 1,700 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். பானையின் மேற்பகுதியில் 2 லிட்டர் இடம் காலியாக இருக்கிறது என்று கொள்வோம். அதை நிரப்ப 1.2 கிராம் நீரின் ஆவி போதும். அது ஒரு தேக்கரண்டியில் கால் பங்குதான்! நாம் சற்றே திரும்பிப் பார்ப்பதற்குள் பால் வழிந்துவிடுவது இதனால்தான். பானையின் கழுத்துக் குறுகலாக இருப்பதால் கடைசிக் கட்டத்தில் நுரை இன்னும் விரைந்து ஏறும். விறகை இழுத்துவிட்டாலும் தடித்த மண்சுவரில் தங்கிய வெப்பம் உடனே விடாது. உங்கள் பாட்டிக்கு இது தெரியும். பால் வாய்விளிம்பை எட்டுமுன்பே அவர் விறகை வெளியே இழுத்துவிடுவதைக் கவனித்துப் பாருங்கள்.

இனி அரிசிக்கு வருவோம். இருபது பேருக்கு 2 கிலோ பச்சரிசி என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 7,000 கிலோகலோரி. மின்கட்டண அட்டையின் மொழியில் சொன்னால் 8 யூனிட். இந்த அரிசிக்குச் சுமார் 3 கிலோ நெல் வேண்டும். ஹெக்டேருக்கு 5 டன் விளையும் நல்ல வயலில் அது 6 சதுர மீட்டர் நிலத்தின் விளைச்சல். நம் வீட்டு அறை ஒன்றைவிடச் சிறிய இடம். அந்த இடத்தில் மழைக்கால மேகமூட்டத்தையும் சேர்த்துச் சராசரியாக நாளொன்றுக்குச் சதுர மீட்டருக்கு 4½ யூனிட் வெயில் விழுந்தது என்றால், பயிர் நின்ற 130 நாளில் வந்து சேர்ந்தது ஏறத்தாழ 3,500 யூனிட். அதில் அரிசியாகிப் பானைக்கு வந்தது 8. அதாவது 440 பங்கில் ஒன்று!

மீதி வீணாயிற்றா? இல்லை. ஒரு பகுதி வேராகவும் வைக்கோலாகவும் ஆயிற்று. பெரும்பகுதி மண்ணையும் காற்றையும் சூடாக்கி, வயல் நீரை ஆவியாக்கி மேலே தூக்கியது. மழை அப்படித்தானே உண்டாகிறது!

அடுப்பில் எரிவதும் வெயில்தான். அரிசியின் மாவுப்பொருளும் விறகின் செல்லுலோசும் குளுக்கோஸ் என்னும் ஒரே கண்ணியைக் கோத்த சங்கிலிகளே. 1 கிலோ அரிசியை எரித்தாலும் 1 கிலோ உலர்ந்த விறகை எரித்தாலும் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. பானையின்மேல் அடிக்கும் வெயில் கதிரவனை விட்டுக் கிளம்பி 8 நிமிடம் ஆகிறது. அரிசியில் இருப்பது சில மாதங்களுக்கு முந்தையது. விறகில் இருப்பது சில ஆண்டுகள் பழையது. எரிவாயு அடுப்பில் பொங்கலிடுவோருக்கும் விலக்கில்லை. அவர்கள் எரிப்பது பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் சேர்த்துவைத்த வெயில்.

கண்ணிகளைக் கோத்த முறையில் சிறு வேறுபாடு. அதனால் செல்லுலோசை நம் குடல் செரிக்காது. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொடுக்கின்றன. நமக்கு ஆகாத வைக்கோலை மாடு பாலாக்கித் தருகிறது. அரிசி பொங்கிய மறுநாளே மாட்டுக்கும் பொங்கல் வைத்த நம் முன்னோர், வயலின் வரவில் ஒரு பகுதியையும் விட்டுவிடவில்லை.

இந்தக் கணக்கில் ஓர் ஆபத்து உண்டு என்பதையும் சொல்லவேண்டும். வயலில் நாள் முழுதும் உழைக்கும் ஒருவர் செய்யும் வேலை அரை யூனிட்டைச் சற்றே தாண்டும். 3,500 யூனிட்டின் அருகே அதை வைத்தால் ஒன்றுமேயில்லை என்று தோன்றும். ஆனால் உழுதவரும், நாற்று நட்டவரும், களை பறித்தவரும் இல்லாவிட்டால், அதே 3,500 யூனிட் வெயிலில் கோரையும் புல்லுந்தான் முளைத்திருக்கும். ஆற்றலின் அளவைக் கொண்டு மட்டும் ஒருவர்க்குப் பட்ட கடனை அளக்க முற்படுவது தவறான அலகைப் பயன்படுத்துவதாகும். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

இப்போது பந்திக்கு வாருங்கள். வெல்லம், பால், நெய் ஆகியவற்றை விட்டுவிட்டு அரிசியை மட்டும் எடுத்துக்கொண்டால், 8 யூனிட்டை இருபது பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 0.4 யூனிட். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே அது 4 மணி நேரத்துக்குப் போதும். உண்டபின் இருபது பேரும் கூடத்தில் அமர்ந்து கதை பேசினால், அங்கே 2,000 வாட் அடுப்பு ஒன்று எரிவதற்குச் சமம். கூடம் புழுங்குகிறது என்று மாமா விசிறியைத் தேடுவதில் வியப்பில்லை.

உடலிலிருந்து வெளியேறிய வெப்பம் காற்றுக்கும் சுவருக்கும் போய், இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வான்வெளிக்குத் திரும்பிவிடுகிறது. மேகமில்லாத தை மாத வானம் அதற்கு நல்ல வழிவிடும். நிலமும் கூரையும் விரைவாகக் குளிர்ந்துவிடுகின்றன. மறுநாள் விடியலில் மாட்டைக் குளிப்பாட்ட நீங்கள் அவிழ்க்கப் போகும்போது வைக்கோற்போர் பனியில் நனைந்திருப்பது இதனால்தான்.