சுவரிலுள்ள போன் சொக்கெட்டில் ரவுட்டரைப் பொருத்துவது எப்படி?



கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக் கிடந்த 2021ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது நமது பதுளை மாவட்டத்திலேயே பொஹிட்டியாவ என்ற கிராமத்துப் பிள்ளைகள், ஆன்லைன் பாடத்துக்காகக் காட்டுவழியே நடந்து, பாறைமேல் ஏறி சிக்னல் பிடித்தார்கள். நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் நமக்கும் இது புதிய கதை அல்ல. மலை மறைத்தால் சிக்னல் இல்லை. அதனால்தான் போன் கம்பி வந்திருக்கும் வீடுகளில் அதிலேயே இன்டர்நெட் எடுக்கப் பார்க்கிறார்கள். "ரவுட்டரும் வாங்கியாச்சு, சுவத்துல சொருகியும் பார்த்தாச்சு, ஒண்ணும் வரல்லியே" என்று சொல்பவர்களுக்காகவே இந்தப் பாடம்.

உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது எது?

முதலில் இதைப் பார்க்க வேண்டும். போஸ்டிலிருந்து இரண்டு செப்புக் கம்பி வந்து சுவரில் சின்னச் சொக்கெட்டில் முடிந்தால், இந்தப் பாடம் உங்களுக்குத்தான். மெல்லிய கண்ணாடி இழை வந்திருந்தால் அது பைபர் இணைப்பு. அதற்கு வேறு பெட்டி உண்டு. அந்த இழையை மடிக்கவோ கழற்றவோ கூடாது. சிம் போடும் 4ஜி ரவுட்டருக்குச் சுவர்ச் சொக்கெட்டே தேவையில்லை.

செப்புக் கம்பி இருந்தால் மட்டும் போதாது. இன்டர்நெட் சேவையையும் கேட்டு எடுத்திருக்க வேண்டும். கடையில் வாங்கும் ரவுட்டரும் "ஏ.டி.எஸ்.எல்." வகையாக இருக்க வேண்டும்.

ஒரே கம்பியில் இரண்டும் எப்படி?

நம் தோட்டத்து ரோட்டில் கொழுந்து லொறி நடுவே போகும், ஆட்கள் ஓரமாக நடப்பார்கள். ரோடு ஒன்றுதான். கம்பியும் அப்படித்தான். நாம் பேசும் குரல் 4 கிலோஹேர்ட்ஸுக்குக் கீழே போகிறது. இன்டர்நெட் சுமார் 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே போகிறது. இந்த இரண்டையும் பிரித்துவிடும் சின்னப் பெட்டிதான் ஸ்ப்ளிட்டர். அது இல்லாவிட்டால் போனில் இரைச்சல் கேட்கும், இன்டர்நெட்டும் அறுந்து அறுந்து வரும்.

பொருத்தும் முறை

1. ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் வையுங்கள். சுவர்ச் சொக்கெட்டிலிருந்து வரும் வயரை ஸ்ப்ளிட்டரில் "லைன்" என்று எழுதிய துளையில் மாட்டுங்கள்.

2. "போன்" என்ற துளையில் டெலிபோனையும், "மோடம்" அல்லது "ஏ.டி.எஸ்.எல்." என்ற துளையில் ரவுட்டருக்குப் போகும் வயரையும் மாட்டுங்கள்.

3. அந்த வயரின் மறுமுனை ரவுட்டரின் பின்னால் உள்ள சிறிய துளைக்குப் போக வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டருக்கான பெரிய துளைகள் இருக்கும். போன் வயரின் முனை அதற்குள்ளும் போய்விடும், ஆனால் வேலை செய்யாது. பலர் தவறுவது இங்கேதான்.

4. வீட்டில் இன்னொரு போன் வேறு சொக்கெட்டில் இருந்தால், அதற்கும் ஒரு பில்டர் மாட்ட வேண்டும்.

5. இப்போது கரண்ட் கொடுங்கள். "டி.எஸ்.எல்." விளக்கு முதலில் மின்னும், பிறகு நின்று எரியும். நின்று எரிந்தால் கம்பி சரி. அதன்பிறகும் இன்டர்நெட் வராவிட்டால், சேவை தந்தவர்கள் கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால்?

மற்றப் போன்களையும் நீட்டு வயர்களையும் கழற்றிவிடுங்கள். கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் சொக்கெட்டில் ரவுட்டரை மட்டும் மாட்டிப் பாருங்கள். விளக்கு நின்று எரிந்தால் பழுது வீட்டுக்குள்ளே இருக்கிறது. எரியாவிட்டால் பழுது வெளிக்கம்பியில் இருக்கலாம். ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்பென்றால் 1212க்குச் சொல்லுங்கள். போஸ்டில் ஏறி நீங்களே கம்பியைத் தொட வேண்டாம்.

தூரமும் ஒரு காரணம். எக்ஸ்சேன்ஜிலிருந்து கம்பி நீள நீள வேகம் குறையும். ஏறக்குறைய 5 கிலோமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் கிடைக்காது. மலைநாட்டில் கம்பி ரோட்டோடு வளைந்து வளைந்து வருவதால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தை நம்ப முடியாது. ஆகவே ரவுட்டருக்குக் காசு கொடுக்கும் முன்பே, "எங்கள் லயத்துக்கு லைன் எட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இடி இடிக்கும் முன்பே இரண்டையும் கழற்றுங்கள்

இதை மறக்கவே கூடாது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் பக்கம் பின்னேரத்தில் இடிமழை அதிகம். ரவுட்டரில் கரண்ட் வயர், போன் வயர் இரண்டும் சேர்கின்றன. மின்னல் எங்கோ தூரத்தில் விழுந்தாலும், அதன் வேகம் இரண்டில் எந்த வழியாகவும் உள்ளே வரலாம். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. கரண்ட் ப்ளக்கையும் போன் வயரையும் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள்.

இதை இடி கேட்கத் தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். இடி கேட்கத் தொடங்கியபிறகு வயரைத் தொடக்கூடாது. வயர் போனில் பேசவும் கூடாது. ரவுட்டர் போனால் போகட்டும் என்று விட்டுவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே திரும்ப மாட்டுங்கள்.

பகலில் நாம் மலையில் நிற்கிறோம். மழை வரும்போது வீட்டில் இருப்பது பிள்ளைகளும் வயதானவர்களும்தான். ஆகவே ரவுட்டரைப் பொருத்தும் அன்றைக்கே அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். எந்த வயர் எது, எதை எப்போது கழற்ற வேண்டும் என்று கையால் செய்து காட்டுவோம். பிள்ளையின் படிப்புக்காக எடுத்த கம்பி பிள்ளைக்கே ஆபத்தாகிவிடக் கூடாது அல்லவா?