விருந்தினர் பேசி முடித்த பிறகு

பள்ளிக்குச் சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் நிகழ்ச்சி நிரல் நமக்கு மனப்பாடம். தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். மறுநாள் வகுப்பில், “நேற்று வந்தவர் என்ன சொன்னார்?” என்று கேட்டால், “நல்லாப் படிக்கணும்னு சொன்னாங்க” என்பார்கள். அதைச் சொல்ல வெளியாள் தேவையில்லை. நாமே தினமும் சொல்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியராகிய நான், வரவேற்புரையும் நன்றியுரையும் எழுதப் பழக்கும் பாடவேளைகளை வேறு விதமாகப் பயன்படுத்திப் பார்த்தேன். அதற்கு வழிகாட்டியது நம் ஊர்களில் இயங்கும் அரிமா, ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்களின் பழக்கம்.

இந்தச் சங்கங்களின் கூட்டங்களில் வெளியாளை அழைத்துப் பேசச் சொல்வது பழைய வழக்கம். 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரி, உறுப்பினர்களின் அலுவலகங்களில் சுழற்சி முறையில் கூடியதால்தான் அந்தப் பெயரைப் பெற்றது. 1907இல் அவர்கள் கையில் எடுத்த முதல் பொதுப்பணி, நகரில் பொதுக் கழிப்பறை கட்டுவது. இதைச் சொன்னதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. “நம் பள்ளியில் அது இல்லாதிருந்தால்?” என்று கேட்டேன், மாணவிகள் பக்கம் சிரிப்பு நின்றது.

ஒரு பேச்சு ஒரு சங்கத்தின் பாதையையே மாற்றியதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று ஹெலன் கெல்லர். 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் சீடார் பாயிண்ட் என்ற இடத்தில் நடந்த அரிமா சங்க மாநாட்டில் அவர் பேசினார். பார்வையும் செவித்திறனும் இல்லாத அவருக்கு மூன்று நாள்களுக்கு முன்புதான் 45 வயது நிறைந்திருந்தது. அரிமா இயக்கம் தொடங்கி எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. சில நிமிடங்களில் வாசித்துவிடக்கூடிய சிறிய உரை அது. தன்னைக் கதவைத் தட்டும் ஒரு வாய்ப்பாகச் சொல்லிக்கொண்டு, தடுக்கக்கூடிய பார்வையிழப்பு இல்லாத நாளை விரைவில் கொண்டுவர உதவுமாறு கேட்டார். அன்று முதல் கண் தொடர்பான பணி அச்சங்கத்தின் அடையாளமாயிற்று. 1930இல் பியோரியா நகர அரிமா ஒருவர், பார்வையற்றவர் ஒருவர் கறுப்புக் கைத்தடியுடன் சாலையைக் கடக்கத் தடுமாறுவதைக் கண்டார். தடி வண்டியோட்டிகளின் கண்ணில் படவில்லை. அதற்கு வெள்ளை வண்ணம் பூசும் யோசனை பிறந்தது.

இந்த உரையின் கருத்தைத் தமிழில் சொல்லி, “இதில் அறிவுரை எங்கே இருக்கிறது, கோரிக்கை எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். குழுக்களாகப் பிரிந்து தேடியவர்கள் அறிவுரை ஏதும் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் பாடம். தன் நிலையைச் சொல்லி, கேட்பவர்களால் செய்ய முடிந்த ஒன்றைக் கேட்பவரே நமக்கு வேண்டிய விருந்தினர்.

அப்படியானால் யாரை அழைப்பது? மாணவர்கள் முதலில் சொன்ன பெயர்கள் எல்லாம் பெரிய பதவிகள். துறைமுக அதிகாரி வந்தால் நல்லதுதான். ஆனால் குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிக உப்பு விளையும் மாநிலம் தமிழ்நாடு. அதில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தினுடையது. என் வகுப்பில் பலருடைய வீட்டில் உப்பளத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மாணவியின் ஆச்சியை அழைப்பது என்று முடிவாயிற்று. அழைப்புக் கடிதத்தை மாணவர்களே எழுதினார்கள். நேரத்தைக் காலை 11 மணி என்று போட்டபோது அந்த மாணவியே திருத்தினாள்: ஆச்சி விடியுமுன்பே அளத்துக்குப் போய் நண்பகலுக்குத்தான் திரும்புவார். கடைசிப் பாடவேளைக்கு மாற்றினோம்.

ஆச்சி மேடைப்பேச்சு எதுவும் பேசவில்லை. கேள்விகளுக்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். வெண்மையான பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் கண் கூசுவதையும், மாலையில் எரிச்சல் தாங்காமல் ஈரத்துணி போட்டுப் படுப்பதையும் சொன்னார். ஒரு மாணவன் கேட்டான்: “ஆச்சி, கறுப்புக் கண்ணாடி குடுத்தாங்கள்லா, ஏன் போடமாட்டேங்கிறீங்க?”

“வேர்வை வடிஞ்சு கண்ணாடி மங்கிரும்யா. பாத்திக்குள்ள கால எங்க வைக்கதுன்னே தெரியாது.”

அடுத்த கேள்வி, இலவசக் கண் சிகிச்சை முகாமுக்குப் போனதுண்டா என்பது. இல்லை. முன்பு ஒரு சங்கம் நடத்திய முகாம் கோடையில், வேலைநாள் காலையில், நகர மண்டபம் ஒன்றில் நடந்தது. போனால் அன்றைய கூலி போகும். கண்புரை என்று சொல்லி அறுவை செய்துவிட்டால், பிறகு குனிந்து பாரம் தூக்காமல் பல நாள் இருக்க வேண்டும். உப்பு விளையும் மாதங்களில் அது நடக்கிற காரியமா? முகாமில் கூட்டம் குறைவு என்றால் ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று நாம் எளிதாக எழுதிவிடுகிறோம். ஆச்சிக்கு விழிப்புணர்வு நிறையவே இருந்தது. தேதிதான் தவறாக இருந்தது.

இங்கே முகாம் நடக்கும் முறையை மாணவர்களுக்கு விளக்கினேன். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இடம், விளம்பரம், மக்களை அழைத்து வருவது ஆகியவற்றை ஊரிலுள்ள சேவைச் சங்கம் போன்ற ஓர் அமைப்பு ஏற்கும். மருத்துவக் குழு வந்து பரிசோதிக்கும். அறுவை தேவைப்படுவோரைப் பேருந்தில் அழைத்துச் சென்று, செலவின்றிச் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடும். ஆக, தேதியும் இடமும் சங்கத்தாரிடம் பேசி மாற்றக்கூடியவை.

மாணவர்கள் எங்கள் பகுதிச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மூன்றே கோரிக்கைகள்: வடகிழக்குப் பருவமழை தொடங்கி அள வேலை நின்ற பிறகு முகாம் வைக்க வேண்டும், அளத்துக்குப் பக்கத்திலுள்ள தெருவில் வைக்க வேண்டும், அறுவைக்குப் போகிறவர்களுடன் வீட்டார் ஒருவரும் போகலாமா என்று தெரிவிக்க வேண்டும். மூன்றாவது என் மனத்தில் தோன்றாத ஒன்று. ஒரு மாணவி சேர்த்தாள். சங்கத்தார் நேரில் வந்து பேசினார்கள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவாயிற்று. மாணவர்கள் தங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு தகவல் சொன்னார்கள். யாருடைய நோயையும் குறித்துக்கொள்ளக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பெற்றோர் அனுமதியோடுதான் போக வேண்டும் என்பவை நாங்கள் முன்பே எழுதி ஒப்புக்கொண்ட விதிகள். இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் அந்தப் பகுதியை மட்டும் தளர்த்த வேண்டாம்.

அன்று ஆச்சியும் வந்தார், அவருடன் வேலை செய்யும் பெண்களும் வந்தார்கள். ஒரு வேன் போதாமல் இன்னொன்று பிடிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி மங்கும் சிக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. அகலமான ஓரம் வைத்த தொப்பி உதவுமா என்று அறிவியல் ஆசிரியரோடு சேர்ந்து சில மாணவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மதிப்பீட்டுக்கு: அழைப்புக் கடிதம், கேள்வித்தாள், கோரிக்கைக் கடிதம், நிகழ்வு அறிக்கை என்று மொழிப்பாடத்துக்குரிய நான்கும் இதிலேயே கிடைத்துவிடுகின்றன. நன்றியுரையில் ‘வருகை புரிந்து சிறப்பித்த’ என்ற தொடருக்குத் தடை போட்டிருந்தேன். விருந்தினர் சொன்ன ஒரு செய்தியாவது அதில் இடம்பெற வேண்டும் என்பது நிபந்தனை.

அடுத்து திரேஸ்புரத்துச் சங்குகுளிப்பவர் ஒருவரை அழைக்கிறோம். முத்துநகர் என்று ஊருக்குப் பெயர் இருந்தாலும் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். இன்று கடலடிக்குப் போகிறவர்கள் தேடுவது சங்கு. அது வங்காளத்துக்குப் போய் வளையலாகிறது. ஆழத்தில் காதுக்கு என்ன ஆகிறது என்பது மாணவர்களின் முதல் கேள்வி. கடிதம் எழுதி முடித்தாகிவிட்டது. கடல் அமைதியாக இருக்கும் நாளில் அவர் தொழிலுக்குப் போய்விடுவார் என்பதால், தேதிக்குரிய இடத்தை வெற்றாக விட்டு, காற்று பலமாக வீசும் நாளுக்குக் காத்திருக்கிறோம்.