அரசரடியில் ஒலித்த பறை

கேள்வி: இறையியல் கல்லூரி ஆசிரியர்கள் பைபிளை மட்டும்தான் நடத்துவார்களா?
– வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை

பதில்: இல்லை. மதுரை அரசரடியில் 1969-இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியைப் பாருங்கள். எபிரேயமும் கிரேக்கமும் ஒருபுறம். மறுபுறம் பறையும் நாட்டுப்புற மெட்டும். ‘பறட்டை’ என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியர். ஊர்ச்சேரியின் இசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். சாதி தீண்டத்தகாததாக ஒதுக்கிவைத்த கருவி ஆராதனையில் ஒலித்ததைவிடப் பெரிய பாடம் எது? அவர் 2005-இல் மறைந்தார். பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன.

அதே கல்லூரியில் கற்பித்த தாமஸ் தங்கராஜ் வேறு வழியில் போனார். சைவ சித்தாந்தம் சொல்லும் குருவை வைத்து இயேசுவை விளக்கி, 1994-இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே வெளியிட்டார். சைவர், கிறித்தவர் என இரு பக்கமும் கேள்வி கேட்கக்கூடிய துணிச்சல்தான்!

உங்கள் பகுதிக்கும் இதில் பங்குண்டு. 1949-இல் ரமணரைத் தரிசித்த பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோ, பின்னர் அருணாசலக் குகைகளில் தங்கித் தியானித்தார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரில் அவர் எழுதியவற்றை இறையியல் மாணவர்கள் இப்போதும் படிக்கிறார்கள்.