சமமாக முடிந்தால் யாருக்குக் கோப்பை?

தம்பி,

சீத்தா கேம்ப் பிள்ளைகளுக்கு நீ நடத்தப்போகும் ரவுண்ட் ராபின் செஸ் போட்டியின் விதிமுறைத் தாளைப் படித்தேன். எட்டுப் பேர், ஏழு சுற்று, 28 ஆட்டம். ஒரே வீட்டு அண்ணன் தம்பியை முதல் சுற்றிலேயே மோத வைத்திருக்கிறாய் பார், மனசு நிறைந்துவிட்டது. கடைசிச் சுற்றில் வீட்டுக்குள்ளேயே பாயிண்ட் கைமாறும் வழியை அடைத்துவிட்டாய். அனுபவமுள்ள ஆர்பிட்டர்கள் பலர் கோட்டைவிடும் இடம் அது.

டை-பிரேக் பகுதிக்கு வந்ததும்தான் எரிச்சல். முதல் விதியாக 'அதிக வெற்றி' என்று போட்டிருக்கிறாய். சம பாயிண்டில் நிற்கும் இருவரில் ஒருவனுக்கு வெற்றி கூடுதல் என்றால் தோல்வியும் கூடுதலாகத்தானே இருக்கும்? உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் 2013 லண்டன் கேண்டிடேட்ஸில் கார்ல்சனும் கிராம்னிக்கும் 14 ஆட்டத்தில் 8.5 எடுத்தார்கள். அவர்களுக்குள் ஆடிய இரண்டும் டிரா. கார்ல்சன் 5 வென்று 2 தோற்றார். கிராம்னிக் 4 வென்று ஒன்றில்தான் தோற்றார். வெற்றிக் கணக்கில் கார்ல்சன் முந்தினார், அந்த நவம்பரிலேயே சென்னைக்கு வந்து ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பறித்துப் போனார். கூடுதலாகத் தோற்றவருக்கா முதலிடம் என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். டிரா பேசி முடிப்பதைத் தடுக்கவே இந்த விதி என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைகளா டிரா பேசுகிறார்கள்?

1976-இல் ஜனதா காலனியிலிருந்து எங்களைக் கிளப்பி இந்தச் சீத்தா கேம்பில் கொண்டுவந்து விட்ட பிறகு, மழைக்காலம் முழுக்கக் கேரம்தான். தெரு லீகில் இருவர் சமமானால் பாயிண்ட் வித்தியாசம் பார்ப்பார்கள். அதனால் ஆடத் தெரியாத சின்னப் பையன் எவனாவது சிக்கினால் 25-0 என்று உரித்துவிடுவார்கள். பவுடர் தூவிய போர்டுக்கு முன்னால் தன் முறை வராதா என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான் அவன். அடுத்த லீகுக்கு அவனைப் பார்க்க முடியாது. பலவீனமானவனை மிதித்து முதலிடம் பிடிக்க வைக்கும் எந்தக் கணக்கையும் நான் ஏற்கமாட்டேன்.

சோனபார்ன்-பெர்கர் போடலாமே என்பாய். நீ வென்ற எதிராளிகளின் பாயிண்டை முழுசாகவும் டிரா செய்தவர்களின் பாயிண்டைப் பாதியாகவும் கூட்டும் கணக்கு. 'அதிக வெற்றி'யைவிட மேல்தான். ஆனால் நீ ஆடி முடித்து எழுந்த பிறகும் பக்கத்து மேசை ஆட்டம் உன் இடத்தை மாற்றும். 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் ஏழு ஆட்டத்தில் 4.5. டை-பிரேக் கணக்கு குகேஷுக்குக் கோப்பையைக் கொடுத்தது. அடுத்த ஆண்டே அவர் உலக சாம்பியன் ஆனார் என்பதற்காக அர்ஜுனைக் கோப்பைக்காக இன்னொரு ஆட்டம் ஆடவிடாதது சரியாகிவிடாது.

2025 டாடா ஸ்டீல் செஸ் போட்டியைப் பார். பிரக்ஞானந்தாவும் குகேஷும் 13-இல் 8.5, கடைசிச் சுற்றில் இருவருமே தோற்றிருந்தார்கள். சமத்தை உடைக்க ஆடிய அதிவேக பிளிட்ஸில் முதல் ஆட்டம் குகேஷுக்கு, அடுத்தது பிரக்ஞானந்தாவுக்கு, மூன்றாவதிலும் வென்று அவரே கோப்பையை எடுத்தார். தோற்றவருக்கும் ஏன் தோற்றோம் என்று தெரியும்.

கடைசி விதியாக டாஸ் போட்டிருக்கிறாயே, அதை இன்றைக்கே அடித்துவிடு. ஏழு சுற்று மூளையைக் கசக்கிய பிள்ளையிடம் பூவா தலையா கேட்பது அவமதிப்பு. முதலிடத்துக்கு இருவர் சமமானால் பிளிட்ஸ் ஆடவை. மற்ற இடங்களுக்கு, நேருக்கு நேர் வென்றவர் முன்னால். அதிலும் சமம் என்றால் பரிசைப் பகிர்ந்து கொடு. திருத்திய தாளை முதல் சுற்றுக்கு முன்பே சுவரில் ஒட்டு. பிளிட்ஸுக்குக் கடிகாரம் இல்லையென்றால் என் வீட்டில் இருக்கிறது, வந்து எடுத்துப் போ.