துரத்துகிற மீனுக்குத் துணை வாங்காதீர்கள்

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தால் என் வாட்ஸ்அப்பில் மீன் வீடியோக்கள் வரிசைகட்டும். விலங்கியல் ஆசிரியர் என்றால் மீன் வைத்தியமும் தெரிந்திருக்கும் என்பது பிள்ளைகளின் நினைப்பு. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான்: ஒரு கோல்ட்ஃபிஷ் இன்னொன்றைத் தொட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றித் துரத்துகிறது. "சார், கொன்னுடுமா?" என்று ஒரு வரி. அதன் கீழேயே, "இன்னும் ரெண்டு வாங்கிப் போட்டா சரியாயிடும்னு அப்பா சொல்றார். வாங்கலாமா சார்?" இந்த இரண்டாவது வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபில்டர் ஓட வேண்டும், வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீராவது மாற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரின் குளோரின் போகாமல் ஊற்றக் கூடாது, உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் மீனுக்கு ஆகாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன். துரத்தலுக்கு என்ன செய்வது என்பதுதான் பேச்சு. அப்படியே விடலாம், பிரிக்கலாம், நடுவில் தடுப்பு வைக்கலாம், தீனி போடும் விதத்தை மாற்றலாம், தொட்டியைப் பெரிதாக்கலாம், மீனைக் குறைக்கலாம். கடைசியாக, அப்பா சொல்கிறபடி மீனைக் கூட்டலாம்.

கோல்ட்ஃபிஷ் கெண்டை இனத்து மீன். ஃபைட்டரைப் போலவோ ஃப்ளவர்ஹார்னைப் போலவோ இடம் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்ளும் சுபாவம் அதற்குக் கிடையாது. தாடையில் பல்லும் இல்லை, இருக்கிற பல் தொண்டைக்குள். அது துரத்துகிறதென்றால் ஏதோ காரணம் இருக்கிறது. காரணம் தெரியாமல் மேற்சொன்னதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்கு.

முதலில் துரத்துகிற மீனின் செவுள் மூடியை டார்ச் அடித்துப் பாருங்கள். செவுள் மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் ரவை அளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது ஆண், இனப்பெருக்கத்துக்குத் தயாராக இருக்கிறது. இதையே வெண்புள்ளி நோய் என்று நினைத்து நீல மருந்தை ஊற்றுபவர்கள் உண்டு. நோயின் புள்ளி உடம்பு, வால் எங்கும் சிதறிக் கிடக்கும். மீன் கல்லிலும் குழாயிலும் உடம்பைத் தேய்க்கும். ஆண் மீனின் புள்ளி இடம் மாறாது. துரத்தும் விதத்தையும் கவனியுங்கள். பெண்ணின் பின்னாலேயே போய், வாலுக்கு முன்னால் அடிவயிற்றில் தலையால் முட்டிக்கொண்டே இருந்தால், முட்டை இட வைக்கத்தான் அந்தப் பாடு. புதுத் தண்ணீர் மாற்றிய மறுநாள் காலையில் இது அதிகம் நடக்கும். இரண்டொரு நாளில் தானாக அடங்கும். முட்டை செடியிலும் கண்ணாடியிலும் ஒட்டிக் கிடக்கும், பெற்றவையே அதைத் தின்றும் தீர்க்கும். இந்தத் துரத்தலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். பெண் மீன் களைத்துப்போய் மூலையில் ஒதுங்கினாலோ, செதில் உதிர்ந்தாலோ மட்டும் ஆணைப் பிடித்து ஒரு டப்பில் சில நாள் விடுங்கள்.

காயம்பட்ட மீன் இருந்தால் கணக்கு வேறு. அப்போது வெளியே வர வேண்டியது அடிபட்டதுதான். நோஞ்சானாகப் போன மீனை மற்றவை விடாமல் கொத்தும், வாலைக் கிழிக்கும். தனி டப், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், தினமும் தண்ணீர் மாற்றம், லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு. ஆறிய பிறகு சேர்த்தால் போதும்.

தீனி நேரத்தில் மட்டும் சண்டை என்றால் வேலை சுலபம். மிதக்கும் குருணையை ஒரே இடத்தில் கொட்டினால் வேகமான மீன்தான் தின்னும். மூழ்கும் குருணையை ஊறவைத்து, தொட்டியின் இரண்டு முனையிலும் போடுங்கள். கோல்ட்ஃபிஷுக்கு இரைப்பை கிடையாது. ஒரே வேளையில் வயிறு முட்டப் போடுவதைவிட கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை போடுவது நல்லது.

நடுத்தடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துளையுள்ள அக்ரிலிக் தகடு வைத்தால் சில நாள் ஒப்பேற்றலாம். இரண்டடித் தொட்டியை ஓரடியாக்கி அதிலேயே வருஷக்கணக்கில் வைப்பது மீனுக்குத் தண்டனை.

இப்போது அப்பாவின் யோசனைக்கு வருவோம்.

இதைக் கடைக்காரரும் சொல்வார், பக்கத்து வீட்டு மாமாவும் சொல்வார், ரீல்ஸிலும் வரும். "தனியா இருக்கிறதால துரத்துது, ஜோடி போட்டா அடங்கிடும்." இன்னொரு வகை: "கூட்டம் அதிகமானா யாரைத் துரத்துறதுன்னு தெரியாம விட்டுடும்." இரண்டாவது யோசனை வானத்திலிருந்து விழவில்லை. ஆப்பிரிக்க ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் மீன்களை வளர்ப்பவர்கள் தெரிந்தே தொட்டியை நெருக்கமாக வைப்பார்கள். அவை இடத்துக்காக அடித்துக்கொள்பவை. கூட்டத்தில் எதுவும் இடம் பிடிக்க முடியாது, அடியும் பங்கிடப்படும். அதற்கேற்ற பெரிய ஃபில்டரும் அங்கே ஓடும். இடத்துக்காகச் சண்டையே போடாத கோல்ட்ஃபிஷுக்கு அந்த உபாயம் எதற்கு?

ஜோடி என்ற பேச்சும் அப்படித்தான். கடையில் விற்பது கட்டைவிரல் நீளக் குஞ்சு. ஏறக்குறைய ஒரு வயதாகும் வரை ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வாங்கி வருவது ஆணாக அமைந்தால், ஒரு பெண்ணை இரண்டு ஆண்கள் துரத்தும். கூடவே, புது மீன் எதையாவது கொண்டு வரும்: நங்கூரப்புழு, செவுள் பூச்சி, வெண்புள்ளி. இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கிற வீடு எத்தனை? வாங்கிய கவரோடு கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, கவிழ்த்துவிடுவதுதான் வழக்கம். அதற்கு மேல் அம்மோனியா. கோல்ட்ஃபிஷ் தின்பதும் அதிகம், கழிவதும் அதிகம். ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா ஏற்கெனவே உள்ள மீன்களுக்கே திணறிக்கொண்டிருக்கும். சென்னை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். நெருக்கடி கூடினால் தீனிக்கான தள்ளுமுள்ளும் கூடும்.

பெற்றோர் பிடிவாதத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. எட்டு தங்க நிறம், ஒன்று கறுப்பு, ஆக மொத்தம் ஒன்பது இருந்தால் வீட்டுக்கு நல்லது என்பது சீனத்து ஃபெங் சுயி வழியாக வந்து, நம் ஊரில் வாஸ்து மீன் ஆகிவிட்ட கணக்கு. அந்தக் கறுப்பு மீனாகக் கடையில் கட்டிக் கொடுப்பது பெரும்பாலும் பிளாக் மூர். கண் பிதுங்கியிருக்கும், பார்வை மட்டம், உருண்டை உடம்பு, நீந்துவதில் சோம்பேறி. தீனியைக் கண்டுபிடிப்பதற்குள் மற்ற எட்டும் தின்று முடித்திருக்கும். இளைக்கும், கொத்துப்படும், செத்துப்போகும். "நம்ம திருஷ்டியை அது வாங்கிட்டுப் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுநாளே அடுத்த கறுப்பு மீன் வாங்கிவிடுவார்கள். நம்பிக்கையை நான் கேலி செய்யவில்லை. அந்த மீன் செத்தது பட்டினியாலும் கொத்தாலும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்பது மீனுக்கு உண்மையில் என்ன வேண்டும்? முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் என்பது வளர்ப்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. கூட்டினால் 395 லிட்டர். ஒரு கன அடி 28 லிட்டர். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி வைத்தால் சரியாக வரும். தண்ணீரே அரை டன்னை நெருங்கும். வரவேற்பறை ஸ்டாண்டில் இருக்கும் இரண்டடித் தொட்டி விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். முதல் மீனுக்கே போதாது.

இத்தோடு சக்கர் மீனையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாசி தின்னும், தொட்டி சுத்தமாகும் என்று தள்ளிவிடுவார்கள். அது வளர்ந்த பிறகு ராத்திரியில் கோல்ட்ஃபிஷின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு வழவழப்பைச் சுரண்டித் தின்னும். காலையில் தெரியும் வெளுத்த திட்டுக்குப் பழி இன்னொரு கோல்ட்ஃபிஷ் மேல் விழும்.

மீனைக் குறைப்பதும் இடத்தைக் கூட்டுவதும்தான் பலிக்கிற வழி. எனக்குக் கண்ணாடித் தொட்டியைவிட அகலமான பிளாஸ்டிக் டப் பிடிக்கும். நிழலான மாடிப் படிக்கட்டு ஓரத்தில் 200 லிட்டர் டப், அதில் இரண்டு காமெட் வகை கோல்ட்ஃபிஷ், கொஞ்சம் வேலம்பாசி. மேலிருந்து பார்த்தால் கோல்ட்ஃபிஷின் முதுகுதான் அழகு. ஜப்பானில் ரான்சு வகையை மேலிருந்து பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பபிள் ஐ பக்கம் நான் போவதே இல்லை. கண்ணுக்குக் கீழே நீர்ப்பை தொங்கும் மீனைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். இது என் ரசனை, நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விதியை ஏற்றுக்கொள்ளுங்கள்: வேகமான ஒற்றை வால் காமெட், ஷுபுங்கின் வகைகளை, உருண்டை உடம்பு ஒராண்டா, பிளாக் மூரோடு சேர்க்காதீர்கள். உருண்டைகளுக்குள்ளேயே ரியூகின் கொஞ்சம் அடாவடி.

பத்தாவது முடித்த பிள்ளைக்கு எந்த குரூப் என்று வீடே கூடி முடிவெடுப்பதுபோல்தான் மீனும் வாங்கப்படுகிறது. பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறதோ அது, மாமா எதைச் சொன்னாரோ அது. யாருக்கு எது ஒத்துவரும் என்று கேட்பதே இல்லை. சில பிள்ளைகளுக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பது பிடிக்கும், அவர்களுக்கு இரண்டு மீன் போதும். சிலருக்கு கை சும்மா இருக்காது, எதையாவது கழற்றி மாட்ட வேண்டும். அவர்கள் ஃபில்டர் செய்யட்டும், செடி வளர்க்கட்டும். புதுத் தொட்டியில் பாக்டீரியா நிலைக்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அது வரை காத்திருக்க முடியாதவருக்கு இது சரிப்படாது, வேறு பொழுதுபோக்கு எத்தனையோ இருக்கிறது. இங்கிலாந்தில் 1956இல் ஒரு திருவிழாப் பரிசாகக் கிடைத்த கோல்ட்ஃபிஷ் 1999 வரை உயிரோடு இருந்தது. நம் வீட்டு மீன் ஆறு மாதத்தில் போய்விட்டால் ஆயுசு அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வது நியாயமில்லை.

ஆகவே பிள்ளைகளே, அப்பாவிடம் இப்படிக் கேளுங்கள்: இரண்டு மீன் வாங்கும் பணத்தில் ஒரு டப் வாங்கித் தர முடியுமா? முடியாது என்றால் இருப்பதில் இரண்டைத் தெரிந்த வீட்டுக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையிலேயே இனாமாக விட்டுவிடுங்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விட வேண்டாம். கோல்ட்ஃபிஷ் சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், செடியையும் மற்ற மீன்களின் முட்டையையும் தின்னும். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா என்று பல நாட்டு நீர்நிலைகளில் அது இப்படித்தான் பெருகியது, பல இடங்களில் தொடக்கம் யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்ட மீன்தான்.